மதியச் சாப்பாடும் ஓர் ஆய்வுத்தாளும்

வன்னியம்பட்டியைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் காலையில் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தாலே இந்த மாவட்டத்தின் சமூக வரைபடம் கிடைத்துவிடும். ராஜபாளையத்து மில் தொழிலாளர் வீடுகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்கள், வத்திராயிருப்பு வயல்கள், ஸ்ரீவில்லிபுத்தூரின் மாட வீதிகள், மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்களும் நாயக்கர்களும் அருந்ததியர்களும் வருகிறார்கள். நாடார், மறவர், தேவேந்திரகுல வேளாளர், சாலியர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பட்டியல் நீளும். ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்கும் இவர்கள், சாப்பாட்டு மணி அடித்ததும் தனித்தனி வட்டங்களாகப் பிரிந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். அந்த இடைவேளையில், சாதி, பாலினம், மொழி, மாற்றுத்திறன் முதலிய வேறுபாடுகளைப் பற்றி நடந்திருக்கும் ஆய்வுகளை மேடையில்லாமல் எளிமையாகப் பேசும் கூட்டங்களை ஏற்பாடு செய்வது என் ஆசிரியப் பணியோடு சேர்ந்த வேலை. இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டிருப்பது ஒன்றுதான்: இத்தகைய ஆய்வுகளைப் பேசுவதற்கு மதியச் சாப்பாட்டு நேரத்தைவிடப் பொருத்தமான நேரம் கல்லூரியில் இல்லை. கையில் ஓர் ஆய்வுத்தாள் இல்லாமல் அந்த நேரத்தில் இவற்றைப் பேசவும் கூடாது. சாப்பாடும் ஆய்வும் சேர்ந்திருந்தால்தான் பேச்சு நடக்கிறது. ஒன்று விலகினாலும் அது வேறு ஏதோவாகிவிடுகிறது.

முதலில் ஆய்வு மட்டும் இருந்து சாப்பாடு இல்லாத நிலையைப் பார்ப்போம். அதுதான் நம் கல்லூரிகளின் வழக்கமான தேசியக் கருத்தரங்கு. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு முடிவதற்குள் முற்பகல் போய்விடும். பிறகு ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள், கட்டுரை வாசிப்பு, சான்றிதழ். கருத்தரங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பருத்தி விலை பற்றியோ நிலத்தடி நீர் பற்றியோ பேச அந்த ஏற்பாடு போதுமானது. ஆனால் யார் முன்வரிசையில் உட்காருகிறார், யார் பெயர் அழைப்பிதழில் பெரிய எழுத்தில் வருகிறது, யார் நாற்காலி தூக்குகிறார் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்ட ஓர் அரங்கில் மேல் கீழ் என்ற பிரிவினையைப் பற்றிய ஆய்வை வாசிக்கும்போது, அந்த அரங்கின் அமைப்பே ஆய்வுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசையில் இருக்கும் முதல் தலைமுறை மாணவி மைக்கைப் பிடித்து, துறைத்தலைவர் முன்னால், விடுதியில் சாதி பார்ப்பதைப் பற்றிக் கேட்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவள் கேட்பதில்லை. கேள்விகள் இல்லாததைக் கருத்தரங்கு அறிக்கைகள் குறித்துக்கொள்வதும் இல்லை.

ஆய்வை விட்டுவிட்டு வெறுமனே கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதும் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாதியைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு கதைக்கும் எதிர்க்கதை உண்டு. எங்கள் தெருவில் அப்படியெல்லாம் கிடையாது என்பார் ஒருவர். உங்கள் தெருவில்தான் எங்களைச் செருப்போடு நடக்க விடவில்லை என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் தங்கள் குடும்பத்தின் மானத்துக்காகப் பேசத் தொடங்கிய பிறகு அங்கே ஆராய எதுவும் மிஞ்சுவதில்லை. பேச்சு சண்டையில் முடியும். அல்லது எல்லோரும் நாம் எல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று சொல்லிக் கலைந்துவிடுவார்கள். இந்த இடத்தில் ஓர் ஆய்வு மூன்றாவது ஆளாக வந்து உட்காருகிறது. அதன் முறையைக் கேள்வி கேட்கலாம், எண்ணிக்கையைச் சந்தேகப்படலாம், முடிவை மறுக்கலாம். அப்படி மறுக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவரின் தாத்தாவை யாரும் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. தன் வாழ்க்கையைத் திறந்து காட்டாமலேயே தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் வசதியை ஆய்வு தருகிறது.

இதற்கு நல்ல உதாரணம் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்த ஆய்வு. 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வெளிவந்தது. ஆங்கில நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் வெளியிட்ட வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் தொடர்ந்து விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். விண்ணப்பதாரர்களின் படிப்பும் அனுபவமும் ஒரே தரத்தில் அமைக்கப்பட்டிருந்தன. பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இந்த மூன்று எண்களைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். மீதி வேலையைக் கேட்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் உடனே எழும் கேள்வி, இது வடநாட்டுக்குப் பொருந்தும், இங்கே பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே, இனிஷியல்தானே என்பது. மிகச் சரியான கேள்வி. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகு, மெல்ல மெல்லத் தமிழ்நாட்டில் அது பொது வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படியானால் இங்கே வேலைக்கு எடுப்பவர் சாதியை எப்படித் தெரிந்துகொள்கிறார்? எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, அப்பா என்ன வேலை, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று மாணவர்களே அடுக்கத் தொடங்குவார்கள். சற்று நேரத்துக்கு முன்பு சாதி இங்கே தெரியாது என்று சொன்னவர்கள், அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைத் தாங்களே வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. இந்த ஆய்வை ராஜபாளையத்தில் திரும்பச் செய்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்ற ஆய்வுமுறைக் கேள்விக்குத்தான் பதில் தேடினார்கள்.

இந்தக் கூட்டங்களில் நான் கறாராகக் கடைப்பிடிக்கும் விதி, எந்த மாணவரையும் எழுப்பி உன் அனுபவத்தைச் சொல் என்று கேட்கக் கூடாது என்பது. நல்ல எண்ணத்தோடு வரும் பேச்சாளர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்யப் பார்ப்பார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் நடத்திய சோதனை ஏன் கூடாது என்று காட்டுகிறது. உயர்சாதிச் சிறுவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். தாளில் அச்சிட்ட புதிர்வழிகளைத் தீர்க்க வேண்டும்; தீர்த்ததற்குத் தக்கபடி காசு. யாருடைய சாதியும் சொல்லப்படாதபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்தார்கள். தொடங்கும் முன் பெயரோடு சாதியையும் சேர்த்து எல்லோர் முன்னாலும் அறிவித்தபோது தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் வெகுவாகக் குறைந்தது. அறிவு அதே அறிவு, புதிர் அதே புதிர். சாதியைப் பொதுவில் உரக்கச் சொன்னது மட்டுமே மாற்றம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு தலித் மாணவரையோ பளியர் வீட்டுப் பெண்ணையோ எழுப்பிச் சாட்சி சொல்ல வைப்பது, ஆய்வைப் பேசிக்கொண்டே அந்த ஆய்வு சுட்டிய தீங்கைச் செய்வதாகும். தானாகப் பேச விரும்பினால் பேசலாம். கேட்டு வாங்கக் கூடாது.

சரி, ஏன் சாப்பாட்டு நேரம்? மாலை நாலரைக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடுகிறது என்ற நடைமுறைக் காரணம் ஒன்று. கூட்டத்தை மாலையில் வைத்தால் விடுதி மாணவர்களும் இருசக்கர வண்டி உள்ள ஆண்பிள்ளைகளும்தான் இருப்பார்கள்; கிராமத்துப் பெண்கள் விடுபட்டுவிடுவார்கள். பாலின வேறுபாட்டைப் பற்றிய ஆய்வைப் பெண்கள் வர முடியாத நேரத்தில் வைப்பதற்கு நியாயமே கிடையாது. அதைவிடப் பெரிய காரணம், தமிழ்நாட்டில் சமத்துவத்தைப் பற்றிய பெரிய வழக்குகள் பலவும் சாப்பாட்டு இடத்தில்தான் நடந்திருக்கின்றன என்பது. வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள் என்பதுதான் புகார். தமிழ்நாடு காங்கிரஸ் அந்த குருகுலத்துக்கு ரூபாய் 5,000 கொடுத்திருந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி, பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி எப்படிப் பிரியலாம் என்பது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். நம் விருதுநகரில் பிறந்த காமராஜர் ஐம்பதுகளில் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தபோது, பசியைத் தீர்த்ததோடு ஒரே வரிசையில் தட்டு வைக்கும் பழக்கத்தையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார். வழக்கு அதோடு முடியவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகத்தில் சைவ உணவுக்காரர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று ஒட்டப்பட்ட அறிவிப்பு சர்ச்சையாகி எடுக்கப்பட்டது. 2023இல் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைச் சாப்பிடாமல் இருந்த குழந்தைகளோடு எம்.பி. கனிமொழி உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சேரன்மாதேவியிலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டு தள்ளி நிற்கிறோம். பந்திதான் இன்னும் அளவுகோல். ஆகவே வேறுபாட்டைப் பேச வருகிறவர்கள் முதலில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும்.

ஒன்றாகச் சாப்பிடுவது என்று சொல்வது எளிது. எதைச் சாப்பிடுவது, எதில் குடிப்பது என்று வரும்போதுதான் வேலை தொடங்குகிறது. கல்லூரிச் செலவில் பொதுச் சாப்பாடு வரவழைத்தால் அது கிட்டத்தட்ட எப்போதும் சைவமாகவே அமையும். பொது என்றால் சைவம் என்று யாரும் சொல்லாமலேயே முடிவாகிவிடும். அசைவம் சேர்த்தால் எந்த அசைவம் என்ற கேள்வி வரும். அதனால் அவரவர் வீட்டுச் சாப்பாட்டை அவரவர் கொண்டுவருவதே சரி என்பது என் முடிவு. கருவாட்டுக் குழம்பும் தயிர்சாதமும் ஒரே வட்டத்தில் திறக்கப்படட்டும். வாசனையைப் பற்றி யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பது மட்டும் விதி. பரிமாறிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவதும் கூடாது. அது நாளடைவில் தானே நடக்கும், நடக்காவிட்டாலும் கணக்கெடுக்க வேண்டாம். டீ மட்டும் பொது. அதை எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுக்க வேண்டும், பேப்பர் கப்பில் அல்ல. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிர்ப்பு வலுத்த பிறகு, பல இடங்களில் தூக்கிப்போடும் கப் வந்து அந்தப் பிரச்சினையை மூடி மறைத்துவிட்டது. ஒரே டம்ளரைக் கழுவி மாற்றி மாற்றிக் குடிப்பதில் இருக்கும் அர்த்தம் பேப்பர் கப்பில் இல்லை. குடித்தவர் குடித்ததைக் கழுவ வேண்டும், பேராசிரியரும் சேர்த்து. இன்னொரு விஷயம் எளிதில் விட்டுப்போவது: பக்கத்துக் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பொறியியல் படிப்பு நடக்கிறது. அத்தகைய மாணவர்கள் வரும் கூட்டத்தில் சாப்பிட்டுக்கொண்டே பேச்சைக் கேட்பது என்ற ஏற்பாடு உதவாது. கண் சைகை மொழிபெயர்ப்பாளர் மேல் இருக்க வேண்டும். கேள்வி கேட்கக் கை காலியாக இருக்க வேண்டும். ஆகவே இருபது நிமிடம் சாப்பாடு, பாக்ஸை மூடிய பிறகு பேச்சு. இந்த வரிசை மற்றவர்களுக்கும் நல்லதாகவே இருக்கிறது.

ஒன்றாக உட்கார்ந்துவிட்டால் மனம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தானாக மாறாது, உட்காரும் விதத்தைப் பொறுத்தது. 1954இல் கார்டன் ஆல்போர்ட் முன்வைத்த கருத்து, சம நிலை, பொது நோக்கம், கூட்டு உழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு நான்கும் இருந்தால்தான் கலந்து பழகுதல் வெறுப்பைக் குறைக்கும் என்பது. இதை இந்தியச் சாதியின் மேல் சோதித்துப் பார்த்தவர் மேட் லோ. உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, பலரைக் கிரிக்கெட் அணிகளில் குலுக்கல் முறையில் சேர்த்தார். ஒரே அணியில் வேறு சாதியாரோடு சேர்ந்து ஆடியவர்களுக்குச் சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியில் வேறு சாதியாரைச் சந்தித்தவர்களுக்கு அது குறையவே செய்தது. கௌதம் ராவ், டெல்லியில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு என்ன நடந்தது என்று ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள், தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஏழை என்பதற்காக ஒதுக்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மதியக் கூட்டத்தின் வடிவம் தெளிவாகிறது. பட்டிமன்றமாக இருக்கக் கூடாது. இரண்டு அணி பிரித்து, இட ஒதுக்கீடு தேவையா இல்லையா என்று மோதவிட்டால் எதிரணிக் கிரிக்கெட்டின் பலன்தான் கிடைக்கும். எல்லோரும் சேர்ந்து ஒரே ஆய்வை உடைத்துப் பார்க்கும் வேலையாக இருந்தால் அது ஒரே அணி. தோரட்டின் ஆய்வை நம்மூருக்கு மாற்றி அமைக்கும் யோசனை அந்த வகை.

வருகைப் பதிவு கூடாது என்பதில் நிர்வாகத்தோடு எப்போதும் வழக்கு உண்டு. கட்டாயப்படுத்தாவிட்டால் கேட்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள், ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்கள் மட்டும் வந்து தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்பது அவர்கள் வாதம். லேசில் தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா காலேவும் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவை வைத்துப் பார்த்தபோது, மேலாளர்களைக் கட்டாயமாக உட்கார வைத்து நடத்திய பன்முகத்தன்மைப் பயிற்சிகள் நிலைமையை முன்னேற்றவில்லை. சில பிரிவினரின் பங்கு பின்னுக்கே போனது. விரும்பி வந்தவர்களுக்கு நடத்திய பயிற்சிகளைத் தொடர்ந்துதான் முன்னேற்றம் தெரிந்தது. கட்டாயத்தில் உட்கார்ந்தவர் தன்னைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறார். அந்தக் கோபத்தை வெளியே போய் இறக்குகிறார். அமெரிக்க நிறுவனமும் தமிழ்நாட்டுக் கல்லூரியும் ஒன்றல்ல என்றாலும், இந்த மனநிலை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. வராதவர்களைப் பற்றிய கவலைக்கு என் பதில், தலைப்பில் கவனம் வேண்டும் என்பது. சாதிக் கொடுமை என்று தலைப்பு வைத்தால் வராதவர்கள், மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு யாருக்குப் பயன்பட்டது என்றால் வருவார்கள். மில் வேலைக்குப் போகும் பெண்களின் சம்பளம் பற்றிய ஆய்வுக்கு வருவார்கள். அது அவர்கள் அம்மாவின் கதை.

பேசினால்தான் சாதி வளரும் என்பது இந்த வட்டாரத்தில் மிக அதிகமாகக் கேட்கும் மறுப்பு. அமைதியாக இருக்கிற ஊரைக் கிளறாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னால் 1997இன் நினைவு இருக்கிறது. அந்த ஆண்டு விருதுநகரில் புதிதாக அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு, தேவேந்திரகுல வேளாளர் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. காமராஜர் பெயரில் இருந்த மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. பெயர்களை எடுத்தது தீயை அணைக்க உதவியது, மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை போன பிறகும் மாணவர்களின் மணிக்கட்டில் வண்ணக் கயிறுகள் இருந்தன. 2019இல் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது செயலுக்கு வராமல் போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைப்பது, சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடுப்பது போன்ற பரிந்துரைகள் அதில் உண்டு. இருபத்தேழு ஆண்டுகளில் நாம் பேசாமல் இருந்துதான் பார்த்தோம். அந்தக் காலம் முழுக்கக் கயிறு பேசியது, பைக்கில் ஒட்டிய ஸ்டிக்கர் பேசியது, திருவிழா ஃபிளெக்ஸ் பேசியது. அகரவரிசை இருக்கை வகுப்பறைக்குள் உதவும். சாப்பாட்டு மணிக்கு அகரவரிசை கலைந்துவிடும். அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை.

இட ஒதுக்கீட்டால் தகுதி போய்விடும் என்ற மறுப்புக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம், ஏனென்றால் ஆய்வு தெளிவாக இருக்கிறது. அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்கோப்பும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான தரவை ஆராய்ந்து, பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களின் பங்கு கூடியதால் உற்பத்தித் திறன் குறைந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை என்றும், உயர் பதவிகளில் நல்ல விளைவே தெரிகிறது என்றும் கண்டார்கள். நம்மூர் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜாவிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் வகுப்புவாரி அரசாணை செண்பகம் துரைராஜன் வழக்கில் அடிபட்டது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று இருந்த ஏற்பாடு அது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் தங்கள் பெயருக்கு நேரே இருக்கும் பிரிவுக் குறியீடு எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அருந்ததியருக்கு 2009இல் தந்த 3 சதவீத உள்ஒதுக்கீடு, அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லாம் ஒரே கோவையில் வந்து நிற்கின்றன.

எனக்கு மிகவும் மதிப்புள்ள மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருவது. பேச்சு, செயலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அது. பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை வேலை செய்பவர்களைப் பேட்டி கண்டு சாரா அகமது 2012இல் எழுதிய ஆன் பீயிங் இன்க்ளூடட் என்ற நூலின் சாரம், நிறுவனங்கள் சமத்துவத்தைப் பற்றி அறிக்கை எழுதுவதையே சமத்துவமாக எடுத்துக்கொள்கின்றன என்பது. அவரே 2016இல், மாணவிகளுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தன் கல்லூரி சரியாகக் கையாளவில்லை என்று லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். இங்கேயும் அந்த ஆபத்து உண்டு. கல்லூரியின் ஆண்டறிக்கையில் மதியக் கூட்டத்தின் புகைப்படம் வந்துவிட்டால், புகார்ப் பெட்டி பூட்டிக் கிடப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றும், புகாரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்லின. 2016 ஜனவரியில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா ஹைதராபாத்தில் இறந்தபோது அந்த விதிகள் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. விதி மட்டும் போதவில்லை, பேச்சும் போதாது. ஆகவே மதியக் கூட்டத்தைப் புகார் கேட்கும் அமைப்போடு சேர்க்கக் கூடாது, ஆனால் அதற்கு வேலை கொடுக்க வேண்டும். எந்தத் துறையில் எந்தப் பிரிவு மாணவர்கள் இடையில் நிற்கிறார்கள், செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடைவெளி யாருக்கு அதிகம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 5 சதவீத இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று கல்லூரியின் சொந்தத் தரவைக் கேட்பதில்தான் நல்ல கூட்டம் போய் முடியும். அந்தக் கேள்வி எழுத்தில் நிர்வாகத்துக்குப் போக வேண்டும். புகைப்படம் எடுக்கவே வேண்டாம்.

ஆசிரியர்களின் ஓய்வு நேரத்தைப் பறிக்கிறீர்கள் என்பதும் நியாயமான பேச்சுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ராஜபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் விரிவுரையாளருக்கு நாளில் கிடைக்கும் ஒரே அமைதி அந்த மதிய நேரம். அதனால் மாதம் ஒருமுறைக்கு மேல் வைக்கக் கூடாது, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே முடித்துவிட வேண்டும், பேச்சாளர் இருபது நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். இது சரி செய்யக்கூடிய குறை.

சரி செய்யாமல் நாங்கள் எல்லோரும் நெடுங்காலம் விட்டுவைத்திருப்பது வேறொன்று. மதிய இடைவேளை மாணவருக்கும் ஆசிரியருக்கும்தான் இடைவேளை. கேண்டீன் மேசை துடைப்பவருக்கும் வராண்டா பெருக்குபவருக்கும் கழிப்பறை கழுவுபவருக்கும் அதுதான் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். இந்தக் கல்லூரி வளாகங்களில் துப்புரவு வேலை ஒப்பந்ததாரரிடம் போய்விட்டது. அந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. சாதியும் உழைப்பும் பற்றிய ஆய்வுரையை நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் அந்த அறைக்கு வெளியே வாளியோடு நிற்கிறார்கள். மாலையில் வைத்தால் கிராமத்துப் பெண்கள் வர முடியாது என்று நேரத்தை மாற்றியவர்கள், மதியம் வைத்தால் இவர்கள் வர முடியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மதியக் கூட்டத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு கூட்டங்களையாவது, துப்புரவுப் பணியாளர்களின் முதல் ஷிப்ட் முடிந்து அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு மாற்றலாம். அந்த ஒரு மணி நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி தர வேண்டும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். கூலி பிடித்தம் செய்துவிட்டுக் கூட்டத்துக்கு அழைப்பது அழைப்பே அல்ல. எந்த ஆய்வைப் பேசுவது என்பதையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒப்பந்தக் கூலி, வைப்பு நிதி, ஓய்வூதியம் பற்றியெல்லாம் பேசத் தகுந்த தரவு இருக்கிறது. அடுத்த கல்வியாண்டுக்கான ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே இந்த வாசகம் நிர்வாகத்தின் மேசைக்குப் போயாக வேண்டும்.